வாசகர் கேள்வி - பதில்: அளவு நோட்டைப் பேப்பர் கடைக்குப் போடாதீர்கள்

கேள்வி: எங்கள் தாத்தா சங்கரன்கோவிலில் ஐம்பது வருஷத்துக்கு மேல் தையல் கடை வைத்திருந்தவர். போன ஆடியில், தபசுத் திருவிழாவுக்கு நாலு நாள் முன்னால் காலமானார். பத்து நிமிஷத் தூரத்தை நடக்க அவருக்கு ஒரு மணி நேரம் ஆகும், அத்தனை பேரிடம் நின்று பேசுவார். வருஷ நினைவு நாளுக்குச் சின்னதாக ஒரு மலர் போடலாம் என்று முடிவு செய்து வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். "அன்பானவர், பண்பானவர், எல்லோரிடமும் இனிமையாகப் பழகியவர்" என்று எழுதிவிட்டு ஒரு மாதமாக முழிக்கிறேன். அவர் விட்டுப்போனது ஒரு பழைய மெஷின், கத்திரி, பரணில் ஏழெட்டு அளவு நோட்டு, அவ்வளவுதான். நோட்டுகளைப் பேப்பர் கடைக்குப் போடச் சொல்கிறார் சித்தப்பா. நான் என்ன எழுதுவது?
- வாசகி, மதுரை

பதில்: முதலில் சித்தப்பாவைப் பரண் பக்கம் போகவிடாதீர்கள். உங்கள் மலரே அங்கேதான் கிடக்கிறது.

தையல்காரரின் அளவு நோட்டில் என்ன இருக்கும்? மார்பு, இடுப்பு, கை நீளம், கழுத்து, பக்கத்தில் பேர், கொடுக்க வேண்டிய தேதி, சில பக்கங்களில் துணியில் ஒரு துண்டு வெட்டிக் குண்டூசி குத்தியிருக்கும். ஆறு வயதில் அரை டிரவுசருக்கு அளவு கொடுத்த பையன் அடுத்த நோட்டில் பள்ளிக்கூட யூனிஃபார்முக்கு வருவான், அப்புறம் பேன்ட், அப்புறம் கல்யாணச் சட்டை, கடைசியில் 'இடுப்பு 42, கொஞ்சம் லூஸா' என்று வந்து நிற்பான். அந்தப் பேர்களில் இப்போது இருப்பவர்கள் ஒரு பத்துப் பேரைத் தேடிப் போங்கள், நோட்டைக் கையோடு கொண்டுபோங்கள். அவரவர் பக்கத்தைத் திறந்து காட்டினால் போதும், அவர்களே பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

கேட்டே ஆக வேண்டுமென்றால் "தாத்தா எப்படிப்பட்டவர்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "தங்கமான மனுஷன்மா" என்று காபி கொடுத்து அனுப்பிவிடுவார்கள். கடைசியாக அவரை எங்கே பார்த்தீர்கள், அவருக்கும் உங்களுக்கும் எதற்காவது சண்டை வந்ததா, தீபாவளித் துணியைச் சொன்ன தேதியில் கொடுத்தாரா என்று கேளுங்கள். (எந்தத் தையல்காரர் கொடுத்திருக்கிறார்? தீபாவளிக்கு முந்தின ராத்திரி பதினொரு மணிக்கு, காஜா எடுத்து முடிக்கட்டும் என்று கடை வாசலில் காத்துக்கிடந்த கூட்டத்தில் நானும் ஒருத்தன்.)

இவ்வளவு விவரமாகச் சொல்கிறேனே, இதெல்லாம் நான் கோட்டைவிட்டுக் கற்றுக்கொண்டது. எங்கள் தாத்தா செங்கோட்டைக்காரர், ஜவுளிக்கடையில் கணக்கு எழுதியவர். அந்த ஊர் 1956 நவம்பர் 1-ல்தான் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது, அதுவரை மலையாளத்துப் பக்கம். அதனால் தாத்தாவுக்கு மலையாளம் எழுதப் படிக்க வரும். சாயங்காலம் கடையை விட்டு இறங்கினால் நேரே ஸ்டேஷன். கொல்லத்திலிருந்து மீட்டர்கேஜ் வண்டி ஆரியங்காவுக் குகையெல்லாம் தாண்டி வந்து நிற்கும். அதில் தாத்தாவைத் தேடி யாரும் வரப்போவதில்லை, இருந்தாலும் போவார். இறங்குகிறவர்களில் தெரியாத முகமாகப் பார்த்து "எந்த ஊரு, யார் வீட்டுக்கு?" என்று தொடங்குவார். மூன்றாவது கேள்விக்குள் ஏதாவது ஒரு ஒட்டு கண்டுபிடித்துவிடுவார்: பெண் கொடுத்த உறவு, பாட்டனார் காலத்துப் பழக்கம், எதுவுமே சிக்காவிட்டால் "உங்க ஊர்ல ஒரு தடவை இளநி குடிச்சிருக்கேன்".

அவர் போய்ப் பதினாறும் முடிந்து ஒரு வாரம் கழித்துப் புனலூரிலிருந்து ஒருவர் பஸ் பிடித்து வந்தார். சேதியே அப்போதுதான் அவருக்குக் கிடைத்ததாம். வீட்டில் யாருக்கும் ஆளைத் தெரியவில்லை. பலாப்பழ வியாபாரி. லோடு இறக்கி வசூலான பணத்தைத் தாத்தாவிடம் கொடுத்துவைத்துவிட்டு ஊருக்குப் போவாராம், அடுத்த லோடுக்கு வரும்போது வேண்டியதை வாங்கிக்கொள்வாராம். பதினெட்டு வருஷம் இப்படி நடந்திருக்கிறது, ரசீது கிடையாது. "பாக்கி ஏதும் உண்டா?" என்று அப்பா பயந்துபோய்க் கேட்டார். அதெல்லாம் இல்லை, துக்கம் கேட்கத்தான் வந்தேன் என்றவர், தாத்தா கணக்கு எழுதிவைத்த காலண்டர் தாளில் ஒன்றை மட்டும் கொடுக்க முடியுமா என்றார். தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில், மலையாளத்தில், கட்டுக் கட்டாக இருந்தன. ஏதோ கிறுக்கல் என்று நினைத்து, பதினாறுக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது அத்தனையையும் அடுப்பில் போட்டு வெந்நீர் வைத்திருந்தோம்.

வீட்டோடு கிடந்த தாத்தாவென்றால் வீட்டுக்குத் தெரியும். ஊரோடு கிடந்தவரைப் பற்றி வீட்டுக்குத் தெரிந்தது ராத்திரி ஒன்பது மணிக்குத் திண்ணையோரம் செருப்பு கழற்றும் சத்தம்தான். ஆகவே மலரில் மகன், மருமகன், பேரன் எழுதுகிற பக்கங்களைக் குறைத்துவிட்டு, அவரிடம் துணி தைத்துக்கொண்டவர்களுக்குக் கொடுங்கள்.

அப்புறம், உங்கள் பாட்டியைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. குற்றால சீசன் வந்தால், ஜூனிலிருந்து ஆகஸ்டு வரை எங்கள் வீடு சத்திரம். ஸ்டேஷனில் பிடித்த ஆட்களை "அருவிக்குப் போயிட்டு வீட்டுக்கு வந்துருங்க" என்று தாத்தா சொல்லிவிடுவார், வீட்டில் அரிசி இருக்கிறதா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. "இவரு ஊருக்கு நல்லவரு, உலை வைக்கிறது நானு" என்பாள் ஆச்சி. உங்கள் பாட்டிக்கும் இப்படி ஏதாவது சொல்ல இருக்கும். கேட்டு அப்படியே போடுங்கள், மெருகு போட வேண்டாம்.

கேள்வி: அந்தக் காலத்துத் தாத்தாக்கள் எல்லோரிடமும் பேசினார்கள். நமக்குப் பக்கத்து வீட்டுக்காரர் பேர்கூடத் தெரியவில்லை. செல்போன்தானே காரணம்?
- வாசகர், திருச்சி

பதில்: செல்போன் வருவதற்கு முன்பே நாம் திண்ணையை இடித்துவிட்டுக் கிரில் கேட் போட்டுவிட்டோம். பேச ஆள் இருந்தால் மட்டும் போதாது, உட்கார இடம் வேண்டும். எங்கள் தாத்தாவுக்கு அந்த இடம் செங்கோட்டை ஸ்டேஷன் பெஞ்சு. 1904-ல் வந்த செங்கோட்டை - புனலூர் மீட்டர்கேஜ் பாதையை அகலப்பாதையாக மாற்றுவதற்காக 2010 செப்டம்பரில் நிறுத்தினார்கள். கொல்லம் வண்டி வராத ஸ்டேஷனுக்கும் தாத்தா கொஞ்ச நாள் போய்ப் பார்த்தார். தென்காசிப் பக்க வண்டிகள் இருந்தன, ஆனால் "அதுல வர்றவன் பூரா தெரிஞ்சவன்லா" என்று அலுத்துக்கொண்டார். 2018-ல் மலைப்பாதையில் மறுபடி வண்டி ஓடியபோது அவர் இல்லை.

ஆனால் திண்ணையை ரொம்பவும் புகழ வேண்டாம். யார் அதில் உட்காரலாம், யார் வாசலோடு நிற்க வேண்டும் என்று ஒரு சாதிக் கணக்கு இருந்தது. ஊரெல்லாம் பழகிய எங்கள் தாத்தாவும் வீட்டு வாசலில் அந்தக் கணக்கை முழுசாக மீறியவர் என்று நான் சொல்ல மாட்டேன். ஸ்டேஷன் பெஞ்சில் அது செல்லாது. அவருக்கு அந்த பெஞ்சு பிடித்துப்போனதற்கு இதுவும் காரணமோ என்று நானாக நினைத்துக்கொள்வதுண்டு.

கேள்வி: தாத்தாவின் போட்டோ நிறைய இருக்கிறது, குரல்தான் இல்லை. பதிவு செய்யாமல் விட்டோமே என்று உறுத்துகிறது. அவர் நம்பரை இன்னும் போனிலிருந்து அழிக்கவில்லை, இது பைத்தியக்காரத்தனமா?
- வாசகி, கோயம்புத்தூர்

பதில்: அழிக்காதீர்கள், யாருக்கு என்ன நஷ்டம்? ரீசார்ஜ் செய்யாமல் விட்டிருந்தால் அந்த நம்பர் வேறு யாருக்காவது போய்ச் சேரும், அதனால் கூப்பிட்டு மட்டும் பார்க்காதீர்கள்.

குரல் எங்காவது இருக்கும். சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப்பில் தேடச் சொல்லுங்கள், "சாப்பிட்டியா?" என்று ஐந்து செகண்டு கிடைத்தாலும் போதும். கல்யாண வீடியோ கேசட் இருந்தால் பூஞ்சை பிடிப்பதற்குள் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுங்கள். ஒரு தொல்லை, அந்தக் காலத்து வீடியோக்காரர்கள் பேச்சையெல்லாம் அமுக்கிவிட்டு மேலே சினிமாப் பாட்டைப் போட்டுவிடுவார்கள். எங்கள் அத்தை கல்யாணத்தில் தாத்தா வாயை அசைத்து யாரையோ பந்திக்குக் கூப்பிடுகிறார், கேட்பது முழுக்க நாதஸ்வரமும் பாட்டும்தான்.

எதுவுமே கிடைக்காவிட்டால், தாத்தா மாதிரி பேசிக் காட்டுகிற ஒரு மாமாவோ சித்தப்பாவோ குடும்பத்தில் இருப்பார், அவரைப் பேசவைத்துப் பதிவு செய்யுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எங்கள் மாமா ஒருவர் அப்படித்தான், ஒரு பொங்கலன்று நாங்கள் போனை வைத்துக்கொண்டு அவரைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம், அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு "எந்த ஊரு, யார் வீட்டுக்கு?" என்று ஆரம்பித்தார். உள்ளே கட்டிலில் படுத்திருந்த ஆச்சி, "எத்தன பேருக்கு உலை வைக்கணும்?" என்று கேட்டாள்.