காய் தொடாத குழந்தைக்குக் கதைப் புத்தகம் கைகொடுக்குமா?

கேள்வி: மகளுக்கு 3 வயது. காய் வைத்தாலே தட்டைத் தள்ளிவிடுகிறாள். 'சத்துணவுக் கதை செட்' என்று 12 புத்தகங்களும் ஒரு சத்து பவுடர் டப்பாவும் சேர்த்து 1,800 ரூபாய்க்குப் பள்ளியில் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். உங்களுக்குத் தேவை ஒரு காய், ஒரு புத்தகம், இரண்டு வாரம்.

இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழக ஆய்வில், பெற்றோர் தினமும் ஐந்து நிமிடம் போல, இரண்டு வாரம் ஒரே காயின் புத்தகத்தைக் காட்டினார்கள். குழந்தைக்கு அதுவரை பழக்கமில்லாத காயில்தான் பலன் நன்றாகத் தெரிந்தது. எனவே ஏற்கெனவே துப்பிய கத்தரிக்காயை விடுங்கள். புடலங்காய் மாதிரி புதிதாக ஒன்றை எடுங்கள்.

புத்தகத்தை நீங்களே செய்யலாம். போனில் ஆறு படம்: கொடியில் தொங்கும் காய், சந்தைக் கூடை, நறுக்கிய வளையம், வாணலி, தட்டு, அவள் கையில் ஒரு துண்டு. பிரிண்ட் போட்டு ஆல்பத்தில் செருகுங்கள். பொரியலில் எந்த வடிவில் வருமோ அதே வடிவம் படத்திலும் இருக்க வேண்டும். படத்தில் வளையத்தைக் காட்டிவிட்டுக் கூட்டில் குழைத்துப் போட்டால் அவளுக்கு அது வேறு காய்தான். கடையில் வாங்கினால் கண், மூக்கு வைத்த காய்கள் வேண்டாம். சிரிக்கிற கேரட்டைக் கடிக்கச் சில குழந்தைகளுக்கு மனசு வராது. 'சாப்பிட்டால் பலம் வரும்' என்றும் சொல்லாதீர்கள். மருந்து என்று நினைத்துக்கொள்வாள்.

சாப்பாட்டு நேரத்தில் புத்தகம் கூடாது. மூன்றாவது வாரம் நகக்கண் அளவு ஒரு துண்டைத் தட்டோரம் வையுங்கள். தொட்டாலே போதும். பத்துப் பதினைந்து முறையாவது வைக்க வேண்டியிருக்கும். மூன்றாம் நாளே 'இவளுக்குப் பிடிக்காது' என்று முடிவுகட்டுவதுதான் எல்லா வீட்டிலும் நடக்கும் தப்பு.

எடை குறைந்தால், கட்டியான எதையும் விழுங்காமல் குமட்டினால், மொத்தமே நாலைந்து பண்டம்தான் சாப்பிட்டால் அது அடம் அல்ல. அடம்பிடிக்கும் குழந்தை காயைத் தள்ளிவிட்டு முறுக்கைக் கடிக்கும். இப்படிச் சிக்கல் உள்ள குழந்தை முறுக்கையும் தொடாமல் போகலாம். அப்போது புத்தகத்தை மூடிவிட்டு உடனே குழந்தை மருத்துவரிடம் போங்கள்.

இனி அந்த செட். இதில் பள்ளிக்குக் கமிஷன் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டம் விற்கக் கூடாது என்று 2020லேயே விதி வந்துவிட்டது. வாசல் பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கும் பாக்கெட்டுகளைக் கண்டுகொள்ளாதவர்கள் ஊட்டச்சத்துக் கதை விற்கிறார்கள்! டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்: எடை அதிகமுள்ள பொருள்தான் பட்டியலில் முதலில் வரும். முதல் மூன்றுக்குள் சர்க்கரையோ மால்டோடெக்ஸ்ட்ரினோ (மாவுச்சத்திலிருந்து செய்யும் பொடி) இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கதைதான் வேண்டும் என்றால் பிரதம் புக்ஸ் பதிப்பகத்தின் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன.