வாதக் கட்டுரை என்றால் என்ன? எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதை எப்படிச் சொல்லித் தருவது?

ஒரு கருத்தைச் சொல்லி, சான்று காட்டி, அந்தச் சான்று கருத்தை எப்படித் தாங்குகிறது என்றும் விளக்கும் எழுத்துதான் வாதக் கட்டுரை. முதல் இரண்டையும் பிள்ளைகள் எப்படியோ எழுதிவிடுவார்கள். மூன்றாவதில்தான் சறுக்கல்.

"பள்ளி பத்து மணிக்குத் தொடங்க வேண்டும். முதல் பீரியடில் பாதிப் பேர் தூங்குகிறோம்." சரி, அதற்கு ஏன் மணியை மாற்ற வேண்டும்? சீக்கிரம் படுக்கலாமே? இடைவெளியை நிரப்பும் வாக்கியம் அவர்கள் மனதில் இருக்கிறது, தாளில் இல்லை. தனக்குத் தெரிந்தது படிப்பவருக்கும் தெரியும் என்ற நினைப்புதான் காரணம். பிரிட்டிஷ் தத்துவ அறிஞர் ஸ்டீபன் டூல்மின் 1958இல் இந்த இணைப்பைத் தனி உறுப்பாகவே பிரித்துக் காட்டினார். நம் பழைய தருக்கத்திலும் இது உண்டு: மலையில் நெருப்பு இருக்கிறது, புகை தெரிகிறதே, புகை இருந்தால் நெருப்பும் இருக்கும் என்று அடுக்களையில் பார்த்ததில்லையா? அந்த அடுக்களையை எழுத வைப்பதுதான் ஆசிரியர் வேலை. நோட்டின் ஓரத்தில் "அதனால் என்ன?" என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுங்கள், போதும்.

அப்புறம், எதிர்த் தரப்பைக் குறிப்பிட்டால் கட்டுரை பலவீனமாகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அது பட்டிமன்றப் பழக்கம், "சீக்கிரம் படுக்கலாமே" என்பதைத் தானே எழுப்பிப் பதில் சொல்லும் கட்டுரையைத்தான் படிப்பவர் நம்புவார்.