நோய், குடும்பப் பொறுப்பு, எழுத்தில் தடை ஆகியவை ஒன்றாக வந்த காலத்தில் இறைநம்பிக்கை எனக்கு என்ன செய்தது?

உடல்நலக் குறைவும் வீட்டுப் பொறுப்புகளும் எழுத்துலக ஏமாற்றங்களும் ஒரே சமயத்தில் வந்து சேர்ந்தால் கடவுள் நம்பிக்கை உண்மையிலேயே கைகொடுக்குமா, அத்தகைய காலத்தில் எழுதுவதை ஒத்திவைத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதும் அதே நிலையில்தான் நான் இருக்கிறேன் என்பதால், கடந்துவந்தவளாகப் பேச எனக்கு உரிமையில்லை. இதுவரை கண்டதை மட்டும் எழுதுகிறேன்.

பண்ருட்டியில் வசிக்கிறேன். தமிழாசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற பின், கெடிலம் ஆற்றங்கரைக் கோயில்களைப் பற்றிய கட்டுரைத் தொகுப்பு ஒன்றை எழுதத் தொடங்கினேன். திருவதிகை வீரட்டானம் எங்கள் ஊரை ஒட்டியே இருக்கிறது. சிவபெருமான் திரிபுரம் எரித்த தலமாகவும், அவர் வீரச்செயல் புரிந்த எட்டுத் தலங்களான அட்ட வீரட்டானங்களுள் ஒன்றாகவும் போற்றப்படும் கோயில் அது. தொகுப்பு பாதியைத் தாண்டியபோது விரல் கணுக்களில் வீக்கமும் வலியும் தொடங்கின. காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக விரல்களை மடக்க முடியாது. தேய்மானம் என்று முதலில் சொன்னார்கள். பிறகு புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் இரத்தப் பரிசோதனைகள் செய்து, முடக்கு வாதம் என்று உறுதிப்படுத்தினார்கள். நோயிலிருந்து உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே மூட்டுகளின் உட்சவ்வைத் தாக்குவதால் வரும் நோய் இது என்பதும், ஆண்களைவிடப் பெண்களுக்கே மிகுதியாக வருகிறது என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

எனக்குத் தந்த முதன்மையான மருந்து மெதோட்ரெக்சேட். அதை வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே உட்கொள்ள வேண்டும். தவறுதலாக நாள்தோறும் உட்கொண்டால் உயிருக்கே ஆபத்தாகலாம். அதன் பக்கவிளைவுகளைக் குறைக்க ஃபோலிக் அமில மாத்திரையும் உண்டு. கல்லீரலையும் இரத்த அணுக்களையும் கண்காணிக்க, குறிப்பிட்ட இடைவெளியில் இரத்தம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். மருந்தின் பலன் தெரியவே பல வாரங்கள் ஆகும். இந்தக் காத்திருப்புக் காலத்தில்தான் பலர் மனம் தளர்ந்து மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். உறவினர் சிலர் எனக்கும் அப்படித்தான் அறிவுரை கூறினார்கள். திருவதிகைப் பெருமானையே நம்பி மாத்திரைகளைத் தூக்கிப்போடு, அப்பருக்குச் சூலை நோயை, அந்தக் கொடிய வயிற்று வலியை, தீர்த்தவர் உனக்குத் தீர்க்கமாட்டாரா என்றார்கள். அன்பினால் சொன்னார்கள் என்றாலும், இதைவிடக் கொடிய அறிவுரையை நான் கேட்டதில்லை. தீராவிட்டால் என் பக்தியில்தான் குறை என்றாகிவிடும் அல்லவா?

அப்பர் வரலாற்றை ஆண்டுதோறும் பள்ளியில் கற்பித்தவள் நான். மருணீக்கியாராகப் பிறந்து, சமணம் சார்ந்து தருமசேனர் என்று பெயர்பெற்று, பாடலிபுத்திரத்தில், அதாவது இன்றைய கடலூரின் திருப்பாதிரிப்புலியூர்ப் பகுதியில், வாழ்ந்தவரைச் சூலை நோய் வாட்டியது என்றும், தமக்கை திலகவதியாரிடம் இரவோடு இரவாக வந்து சேர்ந்தார் என்றும், அவர் திருநீறு தந்து கோயிலுக்கு அழைத்துச் சென்றார் என்றும் பெரியபுராணம் கூறுகிறது. அங்கே பாடிய ‘கூற்றாயினவாறு விலக்ககிலீர்’ என்ற பதிகமே நான்காம் திருமுறையின் முதற்பதிகம். வகுப்பில் சொல்லும்போது பாடினார், நோய் தீர்ந்தது என்று விரைவாக முடித்துவிடுவோம். என் கை விரல்கள் மடங்காமற்போன பிறகு அதே பதிகத்தைப் படித்தபோது, நோய் தீர்ந்த செய்தியைவிட நோயைச் சொன்ன விதமே என்னைப் பிடித்துக்கொண்டது. குடரோடு துடக்கி முடக்குகிறது, ஆற்றேன் அடியேன், அதாவது என்னால் தாங்க முடியவில்லை என்று ஒளிவுமறைவில்லாமல் முறையிடுகிறார். நலத்திலும் தீங்கிலும் உன்னை மறந்தறியேன் என்கிறவரும் அவரே. வலிக்கிறது என்று கதறுவதற்கும் மறக்கவில்லை என்பதற்கும் அவருக்குள் எந்த முரணும் இல்லை.

நம்பிக்கை எனக்குச் செய்த உதவி இங்கேதான் இருக்கிறது. பொறுமையாக இருப்பவள் என்ற பெயரைக் காப்பாற்றுவதற்காக வலியை மறைத்துக்கொண்டிருந்தேன். இறைவனிடமே ‘ஆற்றேன்’ என்று சொல்லலாம் என்றால், மருத்துவரிடமும் வீட்டாரிடமும் சொல்வதில் என்ன இழிவு இருக்கிறது என்ற தெளிவு அந்தப் பதிகத்தால் வந்தது. அதன்பின் மருத்துவரிடம் வலியைக் குறைத்துச் சொல்வதை விட்டேன். மருந்தின் அளவை அவர் கூட்டிய பிறகே வீக்கம் தணியத் தொடங்கியது.

வீட்டில் அதே காலத்தில் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். மெதோட்ரெக்சேட் கர்ப்பிணிகளுக்கு ஆகாத மருந்து. ஆகவே என் மாத்திரைப் பெட்டி அடுக்களை அலமாரியிலிருந்து பூட்டு வைத்த பீரோவுக்குப் போனது. பேத்தி பிறந்த பின், கால்களை நீட்டி உட்கார்ந்து குழந்தையை மேலே கிடத்தி எண்ணெய் தேய்த்து, உடம்பு பிடித்துவிட்டு, தலைக்கு ஊற்றிக் குளிப்பாட்டும் பொறுப்பு தாய்வீட்டுக் கிழவிக்கு உரியது. வழுக்கும் பச்சிளம் உடம்பைப் பிடிக்க என் விரல்களில் உறுதியில்லை. விழுப்புரத்திலிருந்து என் அக்கா வந்தார். அத்தான் மறைந்த பிறகு தனியாக இருந்த அவர், ஒரு மாதம் என்று வந்து, இன்றுவரை எங்களோடே இருக்கிறார். அவர் குளிப்பாட்டுவார், சாம்பிராணிப் புகை காட்டித் துணியில் சுற்றி என் மடியில் தருவார். “உனக்குத் தூக்கி வைத்துக்கொள்ள மட்டும் கை போதுமடி” என்பார். முதல் சில நாள்கள் எனக்குப் பொறாமையாகவே இருந்தது. மகளும் என் கைக்காகக் காத்திருந்தவள்தான்; அவள் வாய்விட்டுச் சொல்லாதது எனக்கு இன்னும் வருத்தமாக இருந்தது.

எழுத்துக்கு வருகிறேன். பழைய கட்டுரைகளைக் கணினி மையத்தில் பாமினி என்ற பழைய வகை எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்திருந்தேன். இன்று பொதுவாக வழங்கும் யூனிகோடு முறைக்கு மாற்றும்போது பல எழுத்துகள் சிதைந்து, ஒவ்வொரு பக்கத்தையும் சரிபார்க்க வேண்டியிருந்தது. தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்கள் வலக்கைப் பக்கமும் அமைந்திருப்பதால், என் வலக்கை விரல்களுக்கு வேலை கூடுதல். குரல்வழித் தட்டச்சுக்கு மாறினேன். அன்றாடப் பேச்சுக்கு அது நன்றாகவே பயன்படுகிறது. ஆனால் சூலை என்று சொன்னால் ஜூலை என்று எழுதுகிறது, புணர்ச்சியில் சேரும் ஒற்றுகளை விட்டுவிடுகிறது. மாலையில் அக்கா உரக்கப் படிக்க நான் திருத்தம் சொல்வேன், அவர் கைப்பேசியிலேயே மாற்றுவார்.

இவ்வளவுக்கும் பிறகு கைப்பிரதியைப் பெற்று நெடுங்காலம் வைத்திருந்த பதிப்பகம் ஒன்று, தொகுப்பைப் பாதியாகச் சுருக்கி, எந்த நோய்க்கு எந்தக் கோயில், என்ன பரிகாரம் என்ற முறையில் மாற்றித் தந்தால் வெளியிடலாம் என்று பதில் அனுப்பியது. வயிற்று நோய் தீர்க்கும் தலம் என்று திருவதிகைக்குத் தலைப்பு வைக்கச் சொன்னார்கள். நான் மறுத்துவிட்டேன். நான் அந்தப் பெருமானை நம்புகிறேன். சித்திரைச் சதயத்தில் அப்பர் குருபூசைக்குத் தவறாமல் போகிறேன். வலி தணிய வேண்டும் என்று வேண்டிக்கொள்ளவும் செய்கிறேன். ஆனால் இன்னொரு நோயாளி என் புத்தகத்தைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்த இடம் தரும் ஒரு வரியையும் நான் எழுதமாட்டேன். அந்த மறுப்பினால் நூல் வெளிவருவது எப்போது என்று தெரியாமல் போனது, அது வலிக்கவும் செய்கிறது.

எழுதுவதை ஒத்திவைக்கலாமா என்ற உங்கள் கேள்விக்கு என் கருத்து, முழுவதுமாக விட வேண்டாம் என்பதே. எழுத்து நின்ற மாதங்களில் என் உடம்பையும் மருந்தையும் தவிர வேறெதையும் நான் நினைக்கவில்லை, அது எனக்கும் வீட்டாருக்கும் நல்லதாக இல்லை. வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், உதவி கேளுங்கள், எழுதும் நேரத்தை உடம்புக்கு ஏற்ப மாற்றுங்கள். விறைப்பு இருக்கும் காலை வேளையை நான் விட்டுவிட்டேன். முற்பகலில் ஒரு பத்தி சொல்லி முடித்தால் போதும் என்று வைத்துக்கொண்டேன்.

இப்போது திலகவதியாரைப் பற்றிய கட்டுரையில் இருக்கிறேன். மணம் பேசிய கலிப்பகையார் போர்க்களத்தில் மாண்ட செய்தி கேட்டு உயிர்விடத் துணிந்தவர், தம்பிக்காக உயிர் தாங்கி, திருவதிகைக் கோயிலை நாள்தோறும் பெருக்கியும் மெழுகியும் தொண்டு செய்தவர். அந்தக் கோயிலில் அவருக்குச் சன்னிதியும் உண்டு. பதிப்பகம் நீக்கச் சொன்ன பகுதிகளில் இதுவும் ஒன்று. முன்பு இரண்டு பக்கத்தில் எழுதியிருந்ததை இப்போது விரித்து எழுதிக்கொண்டிருக்கிறேன். இது முடியும் வரை கைப்பிரதியை வேறு எந்தப் பதிப்பகத்துக்கும் அனுப்புவதாக இல்லை.