சொந்தச் சொல்லே முதல் பாடம்

கேள்வி: முதியோர் கல்வி வகுப்பில் தன்னார்வலராகக் கற்பிக்கிறேன். குழந்தைகளின் அரிச்சுவடியைக் கொண்டு தொடங்கியதும் பலர் கூச்சப்பட்டு நின்றுவிட்டனர். வேறு வழி உண்டா?

பதில்: நிச்சயமாக உண்டு. அந்தக் கூச்சம் அவர்களுடைய குறையன்று. குழந்தைப் பாடம் வளர்ந்தவரைச் சிறுமைப்படுத்துகிறது என்பதே என் எண்ணம். ஒருவர் தம் வேலையைப் பற்றிச் சொல்லும் இரண்டு வாக்கியங்களை, ஒரு சொல்லையும் திருத்தாமல், அவர் கண்முன்னே பெரிய எழுத்தில் எழுதி, விரலால் தொட்டு வாசிக்கச் செய்யுங்கள். தாம் சொன்னதே எழுத்தாகி நிற்பதால், அடுத்த சொல் அவருக்கு முன்பே தெரிந்திருக்கும். பிரேசில் கல்வியாளர் பாவ்லோ ஃபிரெய்ரே, 1963இல் அங்கிகோஸ் என்னும் ஊரில் ஏறக்குறைய 300 பேருக்கு 40 மணி நேரத்தில் எழுத்தறிவூட்ட முனைந்தபோது, அவர்கள் வாழ்வில் புழங்கிய சொற்களையே அசைகளாகப் பிரித்து, அவற்றிலிருந்து புதிய சொற்களை ஆக்கச் செய்தார். தமிழிலும் இது கைகொடுக்கும். ‘பலகை’ என்று எழுதி, மூன்று எழுத்துகளையும் தனித்தனி அட்டைகளாக வெட்டிக் கொடுங்கள். ‘பல’, ‘பகை’, ‘கை’ ஆகியவற்றை அவர்களே கண்டெடுப்பார்கள்.

கணக்கிலும் அவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. 98ஐக் கூட்ட, 100ஐக் கூட்டி 2ஐக் கழிக்கும் மனக்கணக்குப் பலருக்குப் பழக்கமானது. அந்த வழியை முதலில் வாயால் சொல்லவைத்து, பிறகு தாளில் குறிக்கச் சொல்லுங்கள்.