கணினி கேள்வி–பதில்: கரையோரத்தில் 1,280 மீட்டர் மலை!

கேள்வி: எஸ்ஆர்டிஎம் (விண்கல ரேடார் அளந்த நில உயரத் தரவு) உயரக் கோப்பை வைத்து கெடிலம் ஆற்றின் வெள்ள வரைபடம் செய்கிறோம். எங்கள் ஃபார்மட் ஆவணத்தில் உயரத்தை ‘அன்சைன்ட் 16 பிட், லிட்டில் எண்டியன்’ என்று எழுதியிருக்கிறோம். கரையோரம் 1,280 மீட்டர், சில இடங்களில் 65,535 என்றெல்லாம் வருகிறதே?
– மாணவி, கடலூர் முதுநகர்

பதில்: குறி, பைட் வரிசை இரண்டுமே தப்பு. எஸ்ஆர்டிஎம்மின் .ஹெச்ஜிடி கோப்பில் உயரம் சைன்ட் 16 பிட் (மைனஸ் மதிப்பும் வரலாம்; அன்சைன்டில் வராது), பிக் எண்டியன் (பெரிய மதிப்புள்ள பைட் முதலில்; லிட்டில் எண்டியனில் கடைசியில்). பைட்டுகளை 16 அடிமான எண்களாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் பாருங்கள்: 0005 என்றால் 5 மீட்டர். பைட்டுகளைத் திருப்பினால் 0500, அதுதான் உங்கள் 1,280. நான்கும் எஃப் என்றால் மைனஸ் 1. குறியை விட்டால் 65,535 ஆகிவிடும்.

இவையாவது கண்ணில் படும். தரவு இல்லாத புள்ளிக்கு மைனஸ் 32,768 போட்டிருப்பார்கள், ஹெக்ஸில் 8000. உங்கள் ஆவணப்படி படித்தால் 0080, அதாவது 128 மீட்டர்! ஏதோ மேடு போல என்று நம்பிவிடுவீர்கள். அதனால் ஆவணத்தில் டைப்போடு பைட் வரிசை, அலகு, ‘தரவு இல்லை’ மதிப்பு மூன்றையும் தனித்தனிக் கட்டங்களில் எழுதுங்கள்.

கடலூரும் புதுச்சேரியும் வரும் என்11இ079 கோப்பு, 3 வினாடி (நேரம் அல்ல, புள்ளிகளுக்கு இடையிலான கோண அளவு) பதிப்பில் 1201 × 1201 × 2 = 28,84,802 பைட். அளவு சரியாக இருந்தால் ஒரு எண்ணுக்கு 2 பைட், ஹெடர் (கோப்பின் தொடக்கத்தில் வரும் விவரப் பகுதி) கிடையாது என்பது உறுதி. குறியையும் வரிசையையும் அது சொல்லாது. அதற்குத் தெரிந்த உயரமுள்ள ஓர் இடத்தை ஒப்பிட்டே ஆக வேண்டும்.

கேள்வி: எங்கள் நீர்மட்டக் கருவியின் பதிவு: கருவி எண் 1 பைட், நேரம் 4, மட்டம் 2. கூட்டினால் 7. கோப்பிலோ பதிவுக்கு 12 பைட் இருக்கிறது.
– வாசகர், புதுச்சேரி

பதில்: சி மொழியின் ஸ்ட்ரக்டை (பல மதிப்புகளைச் சேர்த்துக் கட்டிய அமைப்பு) அப்படியே கோப்பில் எழுதியிருக்கிறீர்கள். நேரம் 4-இன் மடங்கில் தொடங்க வேண்டும் என்று கம்பைலர் கருவி எண்ணுக்குப் பின் 3 பைட்டும், கடைசியில் 2 பைட்டும் நிரப்பியிருக்கிறது. கோப்புகள் ஏற்கெனவே களத்தில் இருந்தால் ஆவணத்தைத்தான் திருத்த வேண்டும்: 0-விலிருந்து எண்ணினால் நேரம் 4-ஆம் பைட்டில், மட்டம் 8-இல், மீதி ‘நிரப்பு’. அந்த இடங்களில் என்ன மதிப்பு இருந்தாலும் படிக்கும் நிரல் கண்டுகொள்ளக் கூடாது என்றும் எழுதுங்கள்.

நிரப்பை எடுத்துவிட்டு 7 பைட்டாக எழுதத்தான் ஆசை என்றால் ஹெடரில் பதிப்பு எண்ணை உயர்த்துங்கள். இல்லாவிட்டால் பழைய கோப்பு எது, புதியது எது என்று நிரலுக்குத் தெரியாது. நேரத்துக்கு ‘லாங்’ என்று எழுதியிருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். 64 பிட் விண்டோஸில் அது 4 பைட், லினக்ஸில் 8.