பதில்: கல்லூரிப் பட்டம் இல்லாதவர் ஓவியர் குறிப்பில் பயிற்சியை எப்படி எழுதுவது?

வணக்கம். விளம்பரப் பலகை எழுதும் ஒருவரிடம் தொழில் கற்ற தாங்கள், குழுக் கண்காட்சிக்கான ஓவியர் குறிப்பில், அதாவது ஓவியர் தம்மையும் தம் படைப்பையும் பற்றி எழுதித் தரும் சிறு அறிமுகத்தில், கல்லூரிப் பெயர் இல்லாத குறையை எப்படி மறைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். மறைக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. 1880இல், 27 வயதில் ஓவியராவது என முடிவெடுத்த வான்கோ, ஷார்ல் பார்க் உருவாக்கிய பயிற்சிப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து வரைந்தே அடிப்படையைப் பழகினார். தம்பி தியோவுக்கு எழுதிய கடிதங்களில் அதை வெளிப்படையாகக் குறிப்பிடவும் செய்தார்.

ஆகவே, "சுயமாகக் கற்றவர்" என்று சுருக்கிவிடாமல், சுண்ணப்பொடி தடவிய நூலைத் தட்டிக் கோடு போட்டது, சிறு புகைப்படத்தைக் கட்டம் பிரித்துச் சுவரளவுக்குப் பெரிதாக்கியது, எனாமல் வண்ணம் உலர்வதற்குள் எழுத்தின் விளிம்பைச் சீராக்கியது என்று கை பழகிய வேலைகளையும், அவற்றில் எது தங்களுடைய இன்றைய ஓவியங்களில் தொடர்கிறது என்பதையும் எழுதுங்கள். ஆசிரியர் இசைந்தால் அவர் பெயரை முதல் வரியிலேயே சேருங்கள்; மற்றவர்கள் கல்லூரிப் பெயரை எழுதும் இடத்தில் நிற்க அந்தப் பெயருக்கு முழுத் தகுதி உண்டு.

வேலைமுறைக்கு ஒரு வாக்கியம் போதும். தூண்டுதலைப் பற்றி எழுதும்போதுதான் பலர் தடுமாறுகிறார்கள். "இயற்கையே என் தூண்டுதல்" என்ற வரி எவருக்கும் பொருந்தும். இத்தாலியின் பொலோனியா நகரத்து மொராண்டி, அதே புட்டிகளையும் குவளைகளையும் இடம் மாற்றி வைத்துப் பல்லாண்டுகள் வரைந்தார் என்ற ஒரு செய்தி, புகழுரைகளைவிட அதிகம் சொல்கிறது. தங்கள் கண் மீண்டும் மீண்டும் சென்று நிற்கும் பொருள் எதுவோ, அதைப் பெயர் சொல்லி எழுதுங்கள். குறிப்பு 150 சொற்களுக்குள் இருந்தால் படத்தின் அருகே அட்டையாக ஒட்டவும் வசதியாக இருக்கும்.