பதில்: டர்பனில் அந்த அதிகாரியைக் கண்டேன், போலீஸ் புகாரை வாங்கவில்லை

அக்கா, 2009-இல் முகாமில் உங்கள் அண்ணனைச் சித்திரவதை செய்த ஆளை டர்பன் கல்யாண வீட்டில் பார்த்ததாகவும், ஸ்டேஷனில் "இலங்கையில் நடந்ததற்கு இங்கே வழக்கு இல்லை" என்று திருப்பி அனுப்பியதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்தப் பதில் தப்பு.

தென்னாப்பிரிக்காவின் 2002-ஆம் ஆண்டு 27-ஆம் சட்டம், சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தை அமைத்த ரோம் உடன்படிக்கையை இந்த நாட்டுச் சட்டமாகவே ஆக்கிவிட்டது. இனப்படுகொலை, மனிதகுலத்துக்கு எதிரான குற்றம், போர்க்குற்றம் எங்கே நடந்திருந்தாலும், செய்தவர் பிறகு தென்னாப்பிரிக்க மண்ணில் கால் வைத்தால் இங்குள்ள நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு, அவர் இந்நாட்டுக் குடிமகனாக இருக்க வேண்டும் என்பதே இல்லை. 2002 ஜூலை 1-க்கு முந்திய குற்றத்துக்குத்தான் வழக்குப் போட முடியாது, உங்களுடையது 2009 என்பதால் அந்தத் தடை இல்லை.

ஜிம்பாப்வேயில் நடந்த சித்திரவதை பற்றிய வழக்கில் 2014 அக்டோபரில் தென்னாப்பிரிக்க அரசியலமைப்பு நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது: சந்தேகப்படுபவர் நாட்டில் இல்லாவிட்டாலும் போலீஸ் விசாரிக்கலாம், அந்த வழக்கில் விசாரித்தே ஆக வேண்டும் என்றது. ஆனால் குற்றம் நடந்த நாடே ஒழுங்காக விசாரிக்கிறதா, இங்கிருந்து விசாரிப்பது நடைமுறையில் சாத்தியமா என்றும் பார்ப்பார்கள். அப்புறம், வழக்குத் தொடர தேசிய அரசுவழக்குத் தலைவரின் சம்மதம் வேண்டும், பெரும்பாலும் இழுபடுவது அங்கேதான்.

அதனால் ஸ்டேஷன் கவுண்டரில் மல்லுக்கட்டாதீர்கள். அண்ணனின் சத்திய வாக்குமூலம், மருத்துவ அறிக்கை எல்லாவற்றையும் சேர்த்து, மனித உரிமை வழக்கறிஞர் மூலம் ஹாக்ஸ் (பெரிய குற்றங்களை விசாரிக்கும் போலீஸ்) பிரிவுக்கும் அரசுவழக்குத் துறைக்கும் எழுத்தில் கொடுங்கள். அந்த ஆள் பெயரை மட்டும் இங்கே போடாதீர்கள், விமானம் ஏறிவிடுவான்.